அறியாதார் ஊரில்

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் தெரு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் பரதேசி யூதப்பள்ளி இருக்கிறது, 1568-ல் எழும்பியது. அந்தப் பள்ளியின் பெருஞ்சொத்து சில செப்பேடுகள். எழுத்து வட்டெழுத்து. ஆனால் யாராவது வாசித்துக் காட்டினால் தமிழ்க்காதுக்கு அவ்வளவு அந்நியமாக இராது: பகல்விளக்கு, குடை, தோரணம், பாவாடை என்று சொற்கள் வரிசையாக வரும். (பாவாடை இங்கே உடுப்பதல்ல, பெரியவர் நடந்து வர வழியில் விரிக்கும் துணி.) கி.பி. 1000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோடு என்ற இன்றைய கொடுங்கல்லூரில் இருந்துகொண்டு, இசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகருக்கு 72 உரிமைகளைக் கொடுத்த சாசனம் அது. ஜோசப் ரப்பான் என்று இன்று எழுதுகிறோம். சாசனத்தை எத்தனை முறை புரட்டினாலும் இரப்பான் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட ஒரு வார்த்தை கிடைக்காது. அரசன் சொல்கிறான், வேணாட்டுக் கோவர்த்தன மார்த்தாண்டன் முதலாக நாடுவாழிகள் ஐவரும் படைத்தலைவன் ஒருவனும் சாட்சியாக நிற்கிறார்கள். பேசப்படுகிறவர் வாய் திறக்கவே தேவையில்லாத ஏற்பாடு. இதே கொச்சியில், காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் வேலை தேடுகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லிங்க்ட்இன்னில் அவர் தன்னை 220 எழுத்துக்குள் ஒரு வரியாகச் சுருக்க வேண்டும். பிறகு 2,600 எழுத்துவரை விரிக்க வேண்டும். அரசனும் அவரே, ஓலை எழுதுகிறவரும் அவரே. ‘நான்’ என்று ஆரம்பித்ததுமே பலருக்கும் கை கூசுகிறது.

அந்தக் கூச்சத்தை வெறும் சங்கோஜம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் பெரிய மரபு நிற்கிறது. மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் ஓர் இடம்: அண்ணன் தருமனைக் கடுஞ்சொல் சொல்லிவிட்ட அர்ஜுனன், அந்தப் பாவத்துக்காகத் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளப் போகிறான். கிருஷ்ணன் தடுத்து ஒரு மாற்று சொல்கிறான்: உன்னை நீயே புகழ்ந்து பேசு, அது தற்கொலைக்குச் சமம். அர்ஜுனனும் தன் வில்லாற்றலை வாயாரச் சொல்லித் தீர்க்கிறான். சுயபுகழ்ச்சியை இதைவிடக் கடுமையாக யாரும் எடைபோட்டதில்லை. எபிரேய வேதத்தின் நீதிமொழிகளும் உன் புகழை அயலான் சொல்லட்டும், உன் வாய் சொல்ல வேண்டாம் என்ற கருத்தையே தருகின்றன. இப்படியிருக்க, புரொஃபைலை மெருகேற்றச் சொல்கிற வேலைவாய்ப்பு ஆலோசகர்கள் நம்மை ஒரு சின்னப் பாவத்துக்குத்தான் பழக்குகிறார்களா? அப்படி இல்லை என்பது என் கட்சி. தன்னைச் சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை. சில நேரங்களில் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். தவறு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது, அந்த இடத்தைக் காட்ட ஜூ டவுனை விடப் பொருத்தமான தெரு குறைவு.

முதலில் நம் வீட்டுச் சாட்சி. நன்னூலின் பாயிரப் பகுதி, இதுவரை இல்லாததை உண்டாக்கிப் பல துறைகளை முடித்தவனே ஆனாலும் தன்னைத் தான் புகழ்வது தகாது என்று முதலில் அடித்துச் சொல்கிறது. இலக்கணக்காரருக்கே உரிய நேர்மையோடு அடுத்த சூத்திரத்தில் விலக்குகளையும் தருகிறது. நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம்: அரசவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. வேலைக்கு விண்ணப்பம், முன்பின் தெரியாத ஹெச்.ஆர்., நேர்முகத் தேர்வு என்று முதல் மூன்றையும் இன்றைய பெயரில் எழுதிக்கொண்டே போகலாம். இனி யூத மரபின் சாட்சி. யூதச் சட்டத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூதின் நெதாரிம் பகுதியில் ராவா என்ற ரப்பி சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு: தன்னை அறியாத ஊரில் ஒருவன் தன்னைத் தெரியப்படுத்திக்கொள்ளலாம். நன்னூலின் இரண்டாவது விலக்கு அப்படியே. டைக்ரிஸ் கரையில் இருந்தவரும் தமிழ் இலக்கணக்காரரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியில்லை. இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கக் காரணம் எளிது: தற்பெருமை என்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள் காதில் மறுபடி மறுபடி ஊதுவது. தெரியாதவரிடம் சொல்வது தகவல். அர்ஜுனன் யார் முன்னால் தன்னைப் புகழ்ந்தான் என்று பாருங்கள். அண்ணன் முன்னால், கண்ணன் முன்னால். அவன் வில்லை அவர்களைவிட யார் அறிவார்கள்?

ராவா எபிரேய வேதத்திலிருந்து காட்டும் ஆதாரம் இன்னும் சுவையானது. ஆகாப் அரசனின் அரண்மனை அதிகாரி ஒபதியா, எலியா தீர்க்கதரிசியை வழியில் சந்திக்கிறார். தான் சிறுவயது முதலே இறைவனுக்கு அஞ்சி நடப்பவன் என்று சொல்லிக்கொள்கிறார். அதோடு விட்டிருந்தால் அது வெறும் அடைமொழி. அவர் நிறுத்தவில்லை: ராணி யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றபோது நூறு பேரை ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக் குகைகளில் ஒளித்துவைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியதைச் சொல்கிறார். எத்தனை பேர், எப்படிப் பிரித்தேன், எதைக் கொடுத்தேன். தன்னைச் சொல்லும் பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. ஓர் உதாரணத்துக்கு, மட்டாஞ்சேரியில் ஏலக்காயும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் கணக்கெழுதியவர் வேலை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் மிக்க நிதித்துறை வல்லுநர்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், ஆகவே யாரையும் குறிக்காது. ‘நான்கு ஆண்டுகள் மசாலா ஏற்றுமதிக் கணக்கு, ஷிப்பிங் பில், ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், வங்கி ஆவணங்கள் என் பொறுப்பு. டாலியில் வேலை’ என்றால் படிப்பவர் மனத்தில் ஓர் ஆள் எழுந்து வந்து உட்காருகிறார். முதல் வரியில்தான் பெருமை இருக்கிறது. இரண்டாவதில் வேலை மட்டுமே இருக்கிறது.

ராவாவும் நன்னூலாசிரியர் பவணந்தியும் பேசியது கல்விமான்களைப் பற்றி, கணக்குப்பிள்ளையைப் பற்றி அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். ஒபதியா புலவரல்ல, அரண்மனை நிர்வாகி. அவர் தன்னைப் பற்றிச் சொன்னதும் மேடையில் மாலைக்காக அல்ல, உயிருக்கு அஞ்சி. பிழைப்புக்காகப் பேசுகிறவருக்கு இந்த விலக்கு பொருந்தாது என்றால் வேறு யாருக்குப் பொருந்தும்?

உரிமை இருக்கிறது என்றாகிவிட்டால் எல்லையும் வேண்டும். எருசலேம் தால்மூத் அதை அளந்தே போடுகிறது: ஒரு நூல் கற்றவன் ஓர் ஊருக்குப் போகிறான், அங்கே இரண்டு நூல் கற்றவன் என்று எண்ணி மரியாதை செய்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் தெரியும் என்று அவன் சொல்லியாக வேண்டும். அவன் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார் தாமாகத் தப்பாக நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பை அப்படியே விட்டுவைத்து லாபம் பார்ப்பதே தவறு என்கிறது சட்டம். மனத்தைத் திருடுவது என்று இதற்கு எபிரேயத்தில் பெயரே உண்டு. எப்படியும் விற்றுவிட்ட திராட்சை மதுப் பீப்பாயை விருந்தாளி வந்த நேரம் பார்த்து, அவருக்காகவே திறப்பதுபோலத் திறக்கக் கூடாது என்று தால்மூதின் இன்னொரு பகுதி உதாரணம் காட்டும். புரொஃபைல்களில் நடக்கும் தப்புகள் பெரும்பாலும் இந்தப் பீப்பாய் வகைதான். பன்னிரண்டு பேர் செய்த திட்டத்துக்கு ‘தலைமை தாங்கினேன்’ என்று எழுதுவது, மூன்று நாள் பயிலரங்கு நடந்த பல்கலைக்கழகத்தின் பெயரைக் கல்வித் தகுதியின் உச்சியில் வைப்பது. ஒவ்வொன்றுக்கும் கேட்டால் ஒரு விளக்கம் இருக்கும். விளக்கம் கேட்டால்தான் உண்மை வரும் என்ற நிலையில் ஒரு வரி இருந்தால், அந்த வரி கெட்டுவிட்டது.

இங்கேதான் ஜூ டவுனின் சொந்தக் கதை பேச வேண்டியிருக்கிறது. அதைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் பேச வேண்டும். இரப்பானின் செப்பேடு பிற்காலத்தில் ஒரு சமூகத்தின் புரொஃபைலாகவே ஆகிவிட்டது. மரபுக் கதை அதற்குக் கி.பி. 379 என்று தேதி போட்டது. எழுத்தையும் அரசனையும் ஆராய்ந்தவர்கள் ஆறு நூற்றாண்டு கீழே இறக்கினார்கள். அனுபவ ஆண்டுகளைக் கூட்டிப் போடும் ஆசை லிங்க்ட்இன்னோடு பிறந்ததல்ல. தேதியை விடவும் வாரிசுரிமைதான் பெரிய வழக்கு. ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்காசியா என்று பல இடங்களிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு முதல் வந்து சேர்ந்த குடும்பங்களைக் கொண்ட பரதேசிகள், தங்களைச் சுத்த வம்சத்தார் என்று சொல்லிக்கொண்டு செப்பேட்டுக்கும் உரிமை கொண்டாடினார்கள். அவர்களுக்கு முன்பே நூற்றாண்டுக்கணக்கில் இந்த மண்ணில் இருந்த மலபார் யூதர்களை அடிமை வழி வந்தவர்கள் என்று ஒதுக்கினார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு கெய்ரோவில் இருந்த பெரிய சட்ட அறிஞர் ரப்பி டேவிட் பென் ஸிம்ராவிடம் கேள்வியாகப் போனது. சடங்கு நீராட்டு முடிந்தபின் மணவுறவுக்குத் தடையில்லை என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். பதில் வந்தது, பழக்கம் மாறவில்லை. ‘நான் என்ன செய்தேன்’ என்ற கூற்றைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், நாளைக்கு இன்னொருவர் அதையே செய்து காட்டலாம். ‘நான் யார்’ என்ற கூற்றை உழைத்துச் சம்பாதிக்க யாராலும் முடியாது. கதவை அடைக்க மட்டுமே அது உதவும். தற்பெருமையின் விஷம் இருப்பது இரண்டாவதில். ‘பிறவித் தலைவர்’, ‘ரத்தத்திலேயே வியாபாரம்’ என்று புரொஃபைலில் எழுதுகிறவர்கள் அறியாமலே வம்சக் கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

வல்லடியாகப் பேசுகிறவன்தான் வேலையைத் தட்டிப் போகிறான், ஒரு நூல் தெரியும் என்று ஒப்புக்கொள்பவன் வாசலில் நிற்கிறான் என்பது பலமான ஆட்சேபம். பாதி உண்மையும்கூட. ஒன்றே தெரியும் என்பவன் அந்த ஒன்றையாவது முழுக்கச் சொல்கிறானா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. அடக்கம் என்ற பெயரில் அதையும் விழுங்கிவிடுகிறான். மிகைப்படுத்துகிறவனோடு போட்டி போடப் பொய் வேண்டாம், விவரம் போதும். இன்னோர் ஆட்சேபம்: இப்போது முதலில் படிப்பது மனிதரே இல்லை, மென்பொருள், விளம்பரத்தில் உள்ள சொல் புரொஃபைலில் இல்லாவிட்டால் அது ஆளையே கழித்துவிடும், அதற்கேற்பச் சொல்லை மாற்றுவது நேர்மையா? இதற்குப் பதில் யூதப்பள்ளியின் தலைக்கு மேலேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரஹாபி என்ற யூதப் பெருவணிகர் எழுப்பிய மணிக்கூண்டில் கடிகார முகங்கள் வேறு வேறு எண்களில் உள்ளன. பள்ளியைப் பார்த்த பக்கம் எபிரேயம், அரண்மனையைப் பார்த்த பக்கம் மலையாளம், வணிகர்களுக்கு ரோமன். பார்க்கிறவருக்குப் புரியும் எழுத்தில் சொன்னார்கள். காட்டிய நேரம் ஒன்றுதான். கணக்கெழுதியவர் ஒரு நிறுவனத்துக்கு ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்றும் மற்றொன்றுக்கு ‘எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன்’ என்றும் தன் வேலையை முன்வைக்கலாம். முள் நகரக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசி ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் சில கதவுகள் திறக்காது. ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) சட்டம் படித்த வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர், ஊரே மதித்த பேச்சாளர். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர் என்பதால் இதே பரதேசிப் பள்ளியில் அவரைச் சமமாக நடத்தவில்லை. அவருடைய தகுதிகளில் எதைச் சேர்த்து எழுதியிருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. காந்திய வழியில் அங்கேயே சத்தியாக்கிரகம் இருந்து, பல ஆண்டுப் பிடிவாதத்துக்குப் பிறகுதான் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூத காந்தி என்ற பெயர் அப்படி வந்தது. அடைத்த கதவு உள்ளே இருப்பவர்களின் குற்றம். அதை வெளியே நிற்பவனின் புரொஃபைல் குறையாக மாற்றிப் பேசுவது அநியாயம். ‘உங்களைச் சரியாக பிராண்டிங் செய்யவில்லை’ என்று சொல்லிக் காசு வாங்கும் பேச்சில் அந்த அநியாயம் நிறையவே இருக்கிறது.

ஆகவே பேச்சு உள்ளே இருப்பவர்கள் பக்கம் திரும்புகிறது. நன்னூல் தன்னைப் புகழாதே என்று சொல்லும் இடத்திலேயே, அப்படியானால் ஒருவனைப் பற்றி யார் சொல்வது என்பதையும் சொல்லிவைத்திருக்கிறது: அவன் ஆசிரியன், கூடப் படித்தவன், அவன் மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன். நூலுக்குப் பாயிரம் எழுதுவது இவர்கள் கடன் என்கிறது. தயவு என்றோ உபகாரம் என்றோ சொல்லவில்லை, கடன். லிங்க்ட்இன் 2012-ல் ‘எண்டோர்ஸ்மென்ட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது; ஒரு தட்டுத் தட்டினால் நண்பரின் திறமைக்குச் சாட்சி சொல்லியாகிவிட்டது. செலவில்லாத சாட்சிக்கு மதிப்பும் இல்லை. கி.பி. 849-ன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபியிலும் பகலவியிலும் கையொப்பமிட்ட வணிகர்களோடு நால்வர் எபிரேய எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைக்கு யூதர் சொன்ன சாட்சி. ஆயிரத்து நூற்று எழுபது ஆண்டுக்கும் மேலாக அந்தப் பெயர்கள் அங்கேயே நிற்கின்றன. உங்களோடு வேலை பார்த்த யாரோ ஒருவர் இப்போது வேலையில்லாமல் இருக்கக்கூடும். அவர் கேட்கும்வரை காத்திராமல் அவருடைய பக்கத்துக்குப் போய், எந்த வேலையை, எந்த ஆண்டில், எப்படிச் செய்தார் என்று நான்கு வரி உங்கள் பெயரில் எழுதிவையுங்கள்.