சூரைச்செடியை விட்டு எழுந்திரு

கன்வென்ஷன் முடிந்து பந்தல் பிரிக்கும்போதே பாதிப் பேருக்கு அனலும் இறங்கிவிடுகிறது. கடைசி நாள் இரவு முழங்காலில் நின்று அழுதவன் அடுத்த வாரமே வந்து, "பழையபடி ஆயிட்டேன் அண்ணே, எனக்கெல்லாம் இது சரிப்படாது" என்கிறான். வாலிபர் ஊழியத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். அவன்மேல் அல்ல, எழுப்புதல் என்றால் மூன்று இரவுக் கண்ணீர் என்று அவனை நம்பவைத்த மேடைகள்மேல்!

உனக்குச் சரிப்படாது என்று யார் சொன்னது? எலியாவைப் பார். கர்மேல் மலையில் வானத்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர். அதைவிடப் பெரிய கன்வென்ஷனை எந்த ஊரில் நடத்திவிட முடியும்? அதற்குப் பிறகு ராணி யேசபேல் ஆள் விட்டு மிரட்டியதும் பெயெர்செபாவுக்கு ஓடினார். அங்கிருந்து வனாந்தரத்துக்குள் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்றார். முன்னோர்களைவிட நான் ஒன்றும் உசத்தி இல்லை என்றும் சொல்லிக்கொண்டார். உன் பேச்சும் அதுதானே, தம்பி?

தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கமா செய்தான்? தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி படுத்துவிட்டார். கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை. தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். ராத்திரி இரண்டு மணி வரை போனை உருட்டிவிட்டு, காலை ஜெபத்தில் உணர்வே வரவில்லை என்று கலங்குகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். உனக்கு வந்திருப்பது விசுவாசக் குறைவாக இல்லாமல் வெறும் தூக்கக் குறைவாகவும் இருக்கலாம். முதலில் தூங்கு. வயிறாரச் சாப்பிடு. பிறகு பேசுவோம்.

அந்தத் தூரம் நடந்து எலியா சேர்ந்த ஓரேப் மலையில் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் வந்துபோன பின் கேட்ட மெல்லிய சத்தத்தைப் பற்றி எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேயே ஆமென் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து வருவதல்லவா விஷயம்! வந்த வழியே திரும்பிப் போ என்றார் கடவுள். ஆசகேலை, யெகூவை, எலிசாவை அபிஷேகம் பண்ணு என்று கையில் வேலையைக் கொடுத்தார். நான் ஒருவன்தான் மிச்சம் என்று புலம்பியவரிடம், இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்றார். எலியா மலையிலிருந்து இறங்கிப் போய், ஏர் ஓட்டிக்கொண்டிருந்த எலிசாவின்மேல் தம் சால்வையைப் போட்டார். சூரைச்செடியின் கீழ் செத்துப்போக நினைத்த மனிதர் தமக்குப் பின்னால் வேலை செய்ய ஓர் இளைஞனைத் தேடிப் போனார் என்றால், எழுப்புதல் அங்கே நடந்துவிட்டது. கண்ணீர் வந்ததா வரவில்லையா என்று வேதம் கணக்கு வைக்கவில்லை.

அதெல்லாம் வேத காலம் என்பாய். சரி, நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்கு வா. 1874-இல் அங்கே ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பட்டம் வாங்கவில்லை. அரியர் வைத்திருக்கிற தம்பிகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். 1895-இல், இருபத்தொன்றை ஒட்டிய வயதில், ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஆனார். அதாவது என்னைப்போல ஒரு வாலிபர் ஊழியர்.

1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு, தங்கள் ஆட்களையே ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். அது அவரைச் சுட்டது. நம் திருநெல்வேலிச் சபை இத்தனை பெரியது, இத்தனை பழையது, வெள்ளைக்காரர் செய்வார்கள் என்று கைகட்டி உட்கார்ந்திருக்கிறோமே என்று! சுட்ட இடத்தைத் தடவிக்கொண்டு அவர் உட்காரவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியாயிற்று. அப்போது அவருக்கு 28 வயது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்ற துணிச்சலில் நைஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு மேடையில் மாலை வாங்கிக்கொள்கிற வித்தை நமக்குத் தெரிந்ததுதான். அவர் அதைச் செய்யவில்லை. 1909-இல் குருவாக அபிஷேகம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்கே போனார். தெலுங்கு கற்றார். ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட மாலா, மாதிகா மக்களின் குடிசைகளுக்கு மாட்டுவண்டியில் போனார். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், ஆட்சி செய்கிற இனத்தாரின் முகத்துக்கு நேரே, எத்தனையோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்குச் சமமாக உட்காரும் நண்பர்களாக எப்போது வருவீர்கள் என்ற பொருளில் கேட்டார். அரங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பட்டம் வாங்காத அந்த மனிதருக்குப் பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

பேராயர் ஆனதை விடு. அது அவர் கையில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் சுட்டதே, அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுந்தாரே, அதைப் பிடித்துக்கொள். உன்னையும் எத்தனையோ சுட்டிருக்கிறது. உன் தெருவில் படிப்பை நிறுத்திய பையன் ஒருவன் இருக்கிறான். சபையின் கடைசி வரிசையில் யாரும் பேசாத ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். மனம் சுட்டது உண்மை. அதற்கு ஒரு ஜெபக்குறிப்பு எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, ஆறவிட்டுவிட்டாய்.

எங்கள் சேகரத்தில் பாலிடெக்னிக் படித்த ஒரு தம்பி இருக்கிறான். கணக்கில் புலி, வாயைத் திறந்து ஜெபிக்கச் சொன்னால் வியர்க்கும். மாலை நேரப் படிப்பு வகுப்பை அவன் பொறுப்பில் விட்டோம். கோயிலுக்குப் பக்கத்து ஹாலில் பாயை விரித்து, பின்னம் புரியாமல் விழித்த பிள்ளைகளுக்கு நடுவே கோவில்பட்டி கடலைமிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரித்தான். ஒரு வில்லையை நாலாக உடைத்து, மூன்று துண்டை ஒருத்தியின் கையில் வைத்து, "இப்ப உங்கிட்ட எவ்வளவு?" என்றான். "முக்கால்!" என்று கத்திவிட்டு அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். "இப்ப?" என்றான். ஹாலே சிரித்தது. கொஞ்ச நாளில் அவன் ஒரு நோட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைத்து ஜெபிக்க ஆரம்பித்தான். எவளுக்குக் காய்ச்சல், எவன் அப்பா குடிக்கிறார் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். அனல் போய்விட்டது என்று அவன் என்னிடம் வந்து சொல்வதில்லை. சொல்ல நேரமில்லை!

நான் எதற்கும் லாயக்கில்லை ஆண்டவரே என்று ஜெபிக்கிறாயே, அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி நேரம் அது வேலைக்குத் தப்பிக்கும் வழி. நாக்கு புரளாது என்றார் மோசே. என் குடும்பம் எளியது, வீட்டில் நான் கடைசி என்றான் கிதியோன். நான் சிறுபிள்ளை என்றான் எரேமியா. யாருடைய லீவு லெட்டரிலும் கடவுள் கையெழுத்துப் போடவில்லை. எகிப்துக்குப் போ, மீதியானியரை எதிர்த்து நில், நான் சொல்வதைப் பேசு என்று அனுப்பிவைத்தார். உன்னைப் படைத்தவர் உன்னை நம்பி அனுப்பும்போது, நான் உருப்படாதவன் என்று அவருக்கே பாடம் எடுக்காதே.

எழுந்திரு தம்பி! தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாட்டுக் குழுவில் இடம் கிடைக்கவில்லை என்று ஒதுங்கி நிற்காதே. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஹாலுக்கு வா. பாய் விரிக்க ஆள் வேண்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆளே இல்லை. உனக்கு இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, சின்னப் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்கலாம். பதினாறாம் வாய்ப்பாட்டில் எல்லாரும் மாட்டுகிறார்கள்.