கிழித்துப் போட்ட அடகுச் சீட்டு

எங்கள் பக்கத்தில் தப்பாமல் விளைவது சீமைக் கருவேலம் ஒன்றுதான். வெட்டி, மூட்டம் போட்டு, கரியை லாரியில் ஏற்றி அனுப்பினால், மழை இருக்கிறதோ இல்லையோ, அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிடும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே எத்தனையோ வீடுகளில் பஞ்சத்தில் அடுப்பு எரிந்தது இந்த முள்மரத்தால்தான். ஆனால் அதன் அடியில் ஒருவரும் சூடம் கொளுத்தி நான் பார்த்ததில்லை. எங்கள் கும்பிடெல்லாம் அடிக்கடி ஏமாற்றுகிற வானத்துக்குத்தான். கைவிடாதது எதுவோ அதுவே தெய்வம் என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குச் சீமைக் கருவேலம் ஞாபகம் வந்துவிடுகிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். விதைப்புக்கு முன்னால் தோடும் சங்கிலியுமாக உள்ளே வரும். மழை பொய்த்த வருஷம் பாதி திரும்பாது. நகையைக் கழற்றித் தரும்போது கலங்காத பெண்கள், சீட்டை வாங்கியதும் எழுத்துக்கூட்டி ரெண்டு தரம் படித்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். நம் பக்தியும் பெரும்பாலும் அப்படியொரு சீட்டுதான் என்று அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நினைத்திருக்கிறேன். அய்யனாருக்கு மண்குதிரை, கருப்பசாமிக்குக் கிடாய் என்று நேர்ந்தாயிற்று. இனி அவர்கள் பாடு.

அதனால்தானோ என்னவோ, 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமணரின் கதையில் பலரும் தாண்டிப் போகிற ஓர் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். 1896 ஆகஸ்டு 29. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்புகிறான் பதினாறு வயதுப் பையன். அவன் பார்த்த வரைபடம் பழசு. திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று காட்டியது. விழுப்புரத்திலேயே வண்டி மாற வேண்டும் என்று ரயிலில் ஒரு மௌலவி சொல்லித்தான் தெரிந்தது. மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும். அப்புறம் நடை. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காதில் கிடந்த கடுக்கனை அவரிடமே நாலு ரூபாய்க்கு வைத்தான். மீட்க வசதியாக விலாசத்தோடு சீட்டும் எழுதித் தந்தார். கொஞ்ச தூரம் போனதும் பையன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டான்.

அடகுச் சீட்டு எழுதியே பிழைத்தவனுக்கு இது சாதாரண விஷயமில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மதுரை வீட்டு மாடியில், செத்தவனைப் போலப் படுத்து, உடம்பு போனபின் மிஞ்சுவது எது என்று பார்த்தவன் அவன். வரைபடம், காசு, வீடு எல்லாமே தவறக்கூடியவை. அவை தவறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று மட்டும் தவறுவதில்லை என்று கண்டவனுக்கு மீட்க என்ன இருக்கிறது? திருவண்ணாமலையில் இறங்கியதும் மீதிச் சில்லறையையும் அய்யங்குளத்தில் வீசினான். 1950இல் உடல் விழும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை.

இதைச் சொல்லி சம்சாரியிடம் சீட்டைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். மாட்டுக்குக் கூளம் இல்லாமல் தவிக்கிறவனிடம் போய், ஏமாந்தது யார் என்று உள்ளே விசாரி என்றால் அடிக்க வருவான், நியாயம்தான். பயிர்க் காப்பீட்டுக்கு நானும் பணம் கட்டுகிறேன்.

ஆனால் புழுதி விதைப்பைப் பாருங்கள். வானத்தில் மேகம் இல்லை, மண்ணில் ஈரம் இல்லை. கம்பையும் சோளத்தையும் புழுதியில் விதைத்துவிட்டு வருவான். எறும்பு இழுக்கும். ஒரு தூறலில் முளைத்து, அடுத்தது வராமல் கருகினால், மறுபடி விதைப்பான். உத்தரவாதம் வேண்டும் என்கிறவன் மழையைப் பார்த்துவிட்டல்லவா விதைக்க வேண்டும்? ஊர் கூடி மழைக்கஞ்சி காய்ச்சுவதும், கிடாய் நேர்வதும், வானத்தைத் திட்டுவதும் எல்லாமே விதை மண்ணுக்குள் போன பிறகுதான்.