கல்லான மரம்

நம் செவ்வாப்பேட்டைப் பகுதியில் ஒரு மரம் சாய்ந்தால், கரையானும் காளானும் சில ஆண்டுகளில் அதை மண்ணோடு மண்ணாக்கிவிடும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலோ, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரங்கள் இன்றும் கிடக்கின்றன, கல்லாகக் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரத்தின் நீளம் 18 மீட்டர்.

இது நிகழ்ந்த விதம் சிந்தனைக்குரியது. வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலுள் விரைந்து புதையுண்டன. காற்றுப் புகாமையால் அழுகல் தாமதமாயிற்று. மணலூடே கசிந்த நீரில் கரைந்திருந்த சிலிகா, முதலில் மரத்தின் நுண்ணறைகளை நிரப்பிற்று. பின்னர் மரப்பொருள் அணுவணுவாய்ச் சிதையச் சிதைய, அவ்விடத்தில் தானே அமர்ந்துகொண்டது. பொருள் மாறிற்று, நார்களின் ஒழுங்கும் வளையங்களின் வரையும் மாறவில்லை.

பதினோராம் நூற்றாண்டில் மறைந்த இப்னு ஸீனா, தமது 'ஷிஃபா' என்னும் பெருநூலில், தாவரங்களும் பிராணிகளும் கல்லாவதை ஆராய்ந்துள்ளார். சில நிலங்களில் எழும் கல்லாக்கும் ஆற்றலே அதற்குக் காரணம் என்பது அவர் முடிவு. வியந்து நின்றுவிடாமல் காரணம் தேடிய அந்த மனப்பாங்கு நாம் போற்றத்தக்கது.

இனி நம் வினா இது: திருவக்கரையில் கிடப்பது மரமா, கல்லா? மூலப்பொருளை 'ஹயூலா' என்றும், வடிவத்தை 'ஸூரத்' என்றும் அரபு மெய்யியலார் பிரித்துரைப்பர். வடிவமே பொருளை இன்னதென்று ஆக்குகிறது என்போர், இதை மரம் என்று கூறிவிடலாம் அன்றோ? அவ்வாறு கூற இயலாது. ஏனெனில் மரத்தின் வடிவம் என்பது வெறும் தோற்றமன்று. நீரை உறிஞ்சுவதும், தளிர்ப்பதும், காய்ப்பதுமாகிய ஆற்றலும் அதனுள் அடங்கும். தோற்றம் எஞ்சி ஆற்றல் அகன்றபின், அது மரத்தைப் பற்றிய சாட்சியே தவிர மரமன்று.

சாட்சியை இழிவாகக் கருதுவதற்கில்லை. மண்ணான மரம் பிற உயிர்களுக்கு உணவாயிற்று. தன்னைப் பற்றி ஒரு சொல்லும் விட்டுச் செல்லவில்லை. கல்லான மரம் எவருக்கும் உணவாகவில்லை. ஆயினும் அது இல்லையேல், அப்பண்டைக் காட்டை நாம் அறிந்திரோம். இரண்டும் வேண்டும்.

ஆனால் சாட்சியை உயிரென்று மயங்குதலே கேடு. முன்னோர் விட்டுச்சென்ற கல்விக்கும் வழக்கத்திற்கும் இது பொருந்தும். எழுத்துப் பிசகாமல் பாடத்தை ஒப்புவிக்கும் மாணவனிடம், அப்பாடத்தினின்று ஒரு புதிய வினாவேனும் எழாவிடில், அங்கே நுண்ணறைதோறும் கல் படிந்துவிட்டது எனலாம். அம்மாற்றம் அணுவணுவாய் நிகழ்வதால் ஆசிரியரும் உணர்வதில்லை. வடிவம் சிதையாததால் ஊராரும் ஐயுறுவதில்லை.

உயிருள்ளதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. கல்மரம் தன் பழைய வளையங்களைப் பழுதின்றிக் காக்கிறது. உயிர்மரமோ அவற்றைக் காப்பதோடு புதிய வளையத்தையும் சேர்க்கிறது.