காத்திருப்புக்கு எத்தனை புள்ளி?

கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் வீட்டுத்திட்டப் பட்டியல் ஒட்டப்பட்டால், வன்னியில் சனம் முதலில் தேடுவது பெயரை. அடுத்துத் தேடுவது புள்ளியை. தமக்கு விழுந்த புள்ளியை மட்டுமல்ல, அயலாருக்கு விழுந்ததையும் பார்க்கிறார்கள். இதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. தறப்பாளும் பழைய தகரமும் காட்டுத்தடியும் கொண்டு எழுப்பிய கொட்டிலில் இன்னும் எத்தனை மாரி கழியப்போகிறது என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. அப்படியொரு எண் எப்படி வந்தது, அது எதைக் கணக்கில் எடுத்தது, எதை விட்டது என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. புள்ளிமுறை வேண்டுமா வேண்டாமா என்பதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. அது இல்லாத இடத்தில் அரசியல்வாதியின் கடிதமும் அதிகாரியின் விருப்பமும் பங்கீட்டை நடத்தும். அந்தப் பங்கீட்டைப் பார்த்தவர்கள் புள்ளியையே கேட்பார்கள். எந்தப் புள்ளி என்பதே கேள்வி.

2009 மே மாதத்தில் போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக் முகாமிலிருந்து மக்கள் கட்டம் கட்டமாகத் திரும்பியபோது வன்னிப் பெருநிலப்பரப்பில் கூரையோடு நின்ற வீடுகள் அரிது. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. அதில் முதல் 1,000 வீடுகள் வட மாகாணத்தில் முன்னோடியாகக் கட்டப்பட்டன. வடக்குக் கிழக்குக்கான 45,000 வீடுகளின் வேலை 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கியது. புது வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, சேதமடைந்த வீட்டைத் திருத்த இரண்டரை இலட்சம் ரூபா. காசு கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். பயனாளியே நின்று கட்ட வேண்டும். பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வடக்குக் கிழக்கில் வீடிழந்தவர் தொகை இந்த எண்ணிக்கையைவிட மிகப் பெரிது. ஆகவே தெரிவு தேவைப்பட்டது. குடும்ப உறுப்பினர் எத்தனை பேர், சிறு பிள்ளைகள் உண்டா, குடும்பத் தலைவர் பெண்ணா, மாற்றுத்திறனாளி அல்லது முதியவர் இருக்கிறாரா என்பன போன்றவற்றுக்குப் புள்ளி வழங்கி வரிசைப்படுத்தும் வழக்கம் இப்படித்தான் ஊரறிந்ததாயிற்று. 2023இல் வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டமும் 22 குறிகாட்டிகளை வைத்து வறுமையை எண்ணாக்குகிறது. அதற்கு முதற்கட்டத்தில் வந்த மேன்முறையீடுகள் மட்டும் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின.

வீட்டுத்திட்டப் புள்ளியில் மிக நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் முறைப்பாடு தனிநபர் குடும்பங்களுடையது. பிள்ளையில்லாத தம்பதியரும் தனியாக வாழும் முதியவர்களும் பட்டியலின் அடியில் போய் நிற்கிறார்கள், அல்லது பட்டியலுக்கே வருவதில்லை. உறுப்பினர் எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால் அதன் கணக்கு இப்படித்தான் முடியும். ஆனால் வன்னியில் ஒரு குடும்பம் ஏன் ஒருவராகச் சுருங்கியது? கணவனையும் மூன்று பிள்ளைகளையும் முள்ளிவாய்க்கால் வரையான பாதையில் இழந்த ஒரு பெண், நால்வர் உயிரோடு இருந்திருந்தால் ஐவர் குடும்பமாகக் கூடிய புள்ளி பெற்றிருப்பார். அவர்களை இழந்ததால் அவருடைய புள்ளி குறைகிறது. போரின் இழப்புக்கு ஈடாகத் தரப்படும் வீடு, அதிகம் இழந்தவரையே பின்னுக்குத் தள்ளுகிறது. எந்த அதிகாரியும் தீய எண்ணத்தோடு இதைச் செய்ததாகச் சொல்ல முடியாது. படிவத்தில் ஒரு நிரலுக்கு எதிரே எழுதிய இலக்கம் செய்த வேலை இது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. காசு குறைவு, ஒரே செலவில் ஐந்து பேருக்குக் கூரை கொடுப்பதா, ஒருவருக்குக் கொடுப்பதா? ஐந்து பேர் என்பதே நியாயம் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இந்தக் கேள்வியே ஒன்றை மறைக்கிறது. ஒருவருக்கும் ஐவருக்கும் ஒரே அளவு வீடு, ஒரே தொகை என்று முடிவெடுத்த பின்புதான் இந்த மோதல் வருகிறது. ஓர் அறையும் குசினியும் பூட்டக்கூடிய கதவும் மலசலகூடமும் உள்ள சிறிய வீட்டைக் குறைந்த தொகையில் தனிநபருக்கென ஒதுக்கியிருந்தால் மோதலின் பாதி தீர்ந்திருக்கும். அப்படியே தீராவிட்டாலும், தலைகளை எண்ணுவது மட்டும் தேவையை அளப்பதாகாது. கொட்டிலில் தனியே படுக்கும் அறுபது வயதுப் பெண்ணுக்கு இரவு என்பது, ஆள்நிறைந்த வீட்டின் இரவைப்போன்றதல்ல. கூலிக்குப் போக வளர்ந்த மகனோ, மண் சுமக்க மருமகனோ அவருக்கில்லை. ஐந்தரை இலட்சம் போதாமல் நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் வீட்டை முடித்தவர்கள் ஏராளம் என்பதை நினைத்தால், தானே நின்று கட்டும் முறை தனித்தவருக்கு எவ்வளவு பாரம் என்பதும் விளங்கும்.

இரண்டாவது குறை அதிகம் பேசப்படுவதில்லை. இந்தப் புள்ளிகளுக்கு ஞாபகம் கிடையாது. இந்தியத் திட்டத்தில் விடுபட்டவர் 2016இல் பேசப்பட்ட 65,000 உருக்கு வீட்டுத்திட்டத்தை எதிர்பார்த்தார். ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபா என்று சொல்லப்பட்ட அத்திட்டம், வன்னி வெயிலுக்கு இரும்புப் பெட்டியா என்ற எதிர்ப்பும் விலை பற்றிய கேள்விகளும் வலுத்துக் கைவிடப்பட்டது. பின்னர் வேறு திட்டங்கள் வந்தன. 2019இன் ஆட்சி மாற்றத்தோடு காசு நின்று, அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் பல வீடுகள் கிடந்தன. ஒவ்வொரு முறையும் படிவம் புதிது, வரிசை புதிது. முன்னர் இரண்டு தடவை மறுக்கப்பட்டவரும் நேற்றுத் திருமணம் முடித்துக் குடும்பப் பதிவைப் பிரித்தவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். மறுப்பு என்பது அரசு ஒருவரிடம் “இம்முறை பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது. பொறுத்துக்கொண்டவரின் பெயரை அடுத்த முறை மறந்துவிட்டால், அது சொன்ன சொல்லை மீறுவதே.

அப்படியானால் காத்த ஆண்டுக்கு ஒரு புள்ளி என்று வைத்துவிடலாமே? இதைச் செய்துபார்த்த இடம் ஒன்று உண்டு. அது வீட்டோடு சம்பந்தமில்லாத விடயம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் மான், பெருங்கொம்புச் செம்மறி முதலியவற்றை வேட்டையாட அனுமதிப்பத்திரம் வேண்டும். அவற்றுள் பல மாநிலங்களில், விண்ணப்பித்துக் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் புள்ளி ஒன்று சேரும். புள்ளி கூடியவருக்கு முதலிடம். கேட்க மிக நீதியாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், பத்திரங்களைவிட விண்ணப்பதாரர் தொகை பெருகப் பெருக, தேவையான புள்ளியும் ஆண்டுதோறும் ஏறியது. கொலராடோவில் பெயர்பெற்ற சில எல்க் பிரதேசங்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட புள்ளி வேண்டும். இன்று தொடங்கும் இளைஞர் இருபது ஆண்டு காத்து அந்த எண்ணை எட்டும்போது எல்லை இன்னும் மேலே போயிருக்கும். யூட்டா மாநிலம் அனுமதிகளில் பாதியைப் புள்ளி கூடியவருக்கும் மறுபாதியைக் குலுக்கலுக்கும் விட்டது. நியூ மெக்சிக்கோ புள்ளியே வேண்டாமென்று முழுக் குலுக்கலோடு நிற்கிறது. மான் வேட்டையையும் மனிதர் குடியிருப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அங்கே கிடைக்காவிட்டால் ஒரு பொழுதுபோக்கு தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனாலும் பாடம் ஒன்று இருக்கிறது. காத்திருப்பை மட்டும் எண்ணும் முறை, முதலில் வந்தவரின் சொத்தாகிவிடும்.

எனவே தேவையே முதற்படியாக இருக்க வேண்டும். காத்திருப்பு, மேல் எல்லையோடு, அதன்மேல் ஏற வேண்டும். வீடில்லாமல் கழிந்த ஆண்டுகளுக்குப் புள்ளி தரலாம், ஆனால் அது இயலாமைக்கோ பாதுகாப்பின்மைக்கோ தரும் புள்ளியை விஞ்சாதபடி ஓரிடத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். 62 புள்ளிக்காரருக்கு வீடு, 61 புள்ளிக்காரருக்கு இல்லை என்ற முடிவை எந்த மனச்சாட்சியும் உறுதியாகத் தாங்காது. அந்த ஒரு புள்ளி, படிவம் நிரப்பிய அலுவலரின் அன்றைய கணிப்பாகவும் இருக்கலாம். எல்லைக்கு அருகில் நிற்பவர்களுக்குள் ஊர்முன் திருவுளச்சீட்டுப் போடுவதே நேர்மை. வாழ்க்கையைச் சீட்டில் விடுவதா என்று கோபப்படலாம். ஆனால் பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு சொல்லும், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தெரிந்த குடவோலை முறை கண்மூடித்தனமான சூதல்ல. முதலில் நிலம், வயது, கல்வி என்று தகுதி பார்த்தார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரை விலக்கினார்கள். அதன் பின்பே ஓலையைக் குடத்திலிட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அம்முறைக்கு ஞாபகமும் இருந்தது. (சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும் என்பது அங்கே ஒரு தகுதி. வன்னியில் பாதிப்பேர் அந்த இடத்திலேயே விழுந்திருப்பார்கள்.)

காத்திருப்பை எங்கிருந்து எண்ணுவது என்பதில் கவனம் தேவை. விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணினால், விண்ணப்பிக்கவே இயலாதிருந்தவர் மீண்டும் தண்டிக்கப்படுவார். காணி இல்லாதவருக்கு வீடில்லை என்பது பொது விதி. காணி படையினரிடம் இருந்தவர் எந்த அலுவலகத்தில் எதைக் காட்டுவார்? கேப்பாப்பிலவு மக்கள் 2012 செப்டெம்பரில் மெனிக் முகாமிலிருந்து கடைசியாக வெளியேறி, சொந்த ஊருக்குப் பதில் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டார்கள். 2017இல் மாதக்கணக்காகத் தெருவில் இருந்து போராடிய பின்னர், அவ்வாண்டு டிசெம்பரில் 133 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து பிந்தித் திரும்பியவர்களும் உரிய வேளையில் விண்ணப்பிக்க இயலாதிருந்தவர்களே. ஆகவே ஆண்டுக் கணக்கு வீடு இழந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும், படிவத்தின் திகதியிலிருந்து அல்ல.

இவ்வளவையும் யார் பதிந்து வைப்பது, ஏற்கெனவே வேலை மலிந்த பிரதேச செயலகங்களா என்று கேட்பார்கள். அஸ்வெசுமவுக்காக வீடு வீடாகப் போய் எண்ணிய நாட்டில் இந்தக் கேள்வி அவ்வளவு பொருந்தவில்லை. 2010க்குப் பின் வந்த திட்டங்களின் விண்ணப்பங்களும் விடுபட்டோர் பட்டியல்களும் எந்த அலுமாரிகளில் எஞ்சியுள்ளனவோ, அவற்றைத் தேடியெடுத்து ஒரே பதிவேட்டில் சேர்ப்பது முதல் வேலை. அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை தடவை மறுக்கப்பட்டார், என்ன காரணம் எழுதப்பட்டது என்ற இரண்டு நிரல்கள் போதும். அடுத்த வீட்டுத்திட்டத்துக்குப் படிவம் அச்சடிக்கும் முன் இதைச் செய்தால்தான், 2012இல் அறுபது வயதில் முதற்படிவம் நிரப்பியவரை இன்னொரு தடவை புதியவராக எழுதாமல் இருக்க முடியும்.