லாரியில் வந்த படகுக்கு என்ன கைம்மாறு?

கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்று இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் அது ஓடியது. மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியிலும் பிக்கப் வண்டியிலும் ஏற்றி, வெள்ளம் சூழ்ந்த குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாடுகளில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைக் கோத்துப் படகை இழுத்துப் போகிறார்கள். நம் குப்பங்களில் அந்த வசதி இல்லை. படகின் முன்பக்கத்தைக் கேபின்மேல் சாய்த்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, வண்டிக்கு வெளியே நீளும் பின்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவிட வேண்டியதுதான். ஏற்றவும் இறக்கவும் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டும். தெருவில் இறக்கிய பிறகும் பாடு ஓயாது. தண்ணீருக்கடியில் கிடக்கும் பைக், இரும்புக் கேட், கேபிள் எதில் வேண்டுமானாலும் என்ஜின் விசிறி சிக்கும். என்ஜினைத் தூக்கிவிட்டு, கழுத்தளவு சாக்கடை நீரில் இறங்கிப் படகைக் கையால் தள்ளுவார்கள். காம்பவுண்டுச் சுவரில் உரசி அடிப்பக்கம் கீறிவிட்டால் பழுது பார்க்கும்வரை அந்தப் படகு கடலுக்கு உதவாது. அத்தனை நாளும் வீட்டில் வருமானம் இல்லை. இப்படி வந்தவர்களுக்கு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கும் நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா என்பதே கேள்வி. இதை நான் அறக் கேள்வியாகவே கேட்கிறேன்.

பலரும் சொல்லும் பதில் இதுதான்: அவர்கள் பலன் கருதிச் செய்யவில்லை, ஆகவே திருப்பித் தருவதற்கு ஒன்றுமில்லை. இதற்கு நூல்களின் துணையும் இருப்பதுபோலத் தோன்றும். ஒப்புரவறிதலின் முதல் குறள் கைம்மாறு கருதாத கடமைக்கு மழையைக் காட்டுகிறது. கீதையின் பதினேழாம் அத்தியாயம், திருப்பிச் செய்ய இயலாதவருக்குக் கொடுப்பதையே சாத்துவிக தானம் என்கிறது. விருந்துக்குத் திருப்பி அழைக்க முடியாத ஏழைகளை அழை என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதுகிறார். குர்ஆனின் எழுபத்தாறாம் அத்தியாயத்தில் உணவளிக்கும் நல்லோர், உங்களிடம் பிரதிபலனும் நன்றியும் எதிர்பார்க்கவில்லை என்கிறார்கள். நான்கும் ஒரே திசையைக் காட்டுவது உண்மைதான். ஆனால் நான்கும் யாரைப் பார்த்துப் பேசுகின்றன? கொடுப்பவரைப் பார்த்து. வாங்கியவரைப் பார்த்துப் பேசும்போது அதே மரபுகள் வேறு விதி சொல்கின்றன. செய்ந்நன்றி அறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதில் உதவியின் அளவை உதவி பெற்றவரின் சால்பே தீர்மானிக்கிறது என்றும் சொன்னார். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவர் என்கிறது நபிமொழி. கொடுத்தவரின் துறவை வாங்கியவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எந்த மரபும் இடம் தரவில்லை.

மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்ய முடியும் என்று அந்தக் குறளே கேட்கிறதே, அங்கே கைம்மாறு இயலாது என்றுதானே பொருள் என்று மறுக்கலாம். மேகத்துக்கு நம்மிடம் தேவை எதுவும் கிடையாது. அதனால்தான் அதற்கு எதையும் திருப்பித் தர முடிவதில்லை. மீனவருக்கோ கரை வேண்டும், முகத்துவாரம் வேண்டும், மீன் விற்க ஓர் இடம் வேண்டும். தேவையுள்ள மனிதர் தன் தேவையை ஒத்திவைத்துவிட்டு வரும்போது அவரை மேகத்தோடு சேர்த்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

டீசலும் படியும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்ததல்லவா என்பது இன்னொரு மறுப்பு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்களும் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற இடங்களுக்குப் போனார்கள். மலப்புரத்தில் ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிய, பெண்கள் அவர் முதுகை மிதித்துப் படகேறினார்கள். கேரள அரசு, படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், சேதமான படகுகளைச் செப்பனிட்டுத் தருவதாகவும் அறிவித்தது. சகோதரர்களைக் காப்பாற்றியதற்குக் காசு வாங்க மாட்டோம் என்று சில மீனவர்கள் மறுத்தார்கள். உடைந்த படகைச் சரிசெய்து தருவது வேறு, உயிருக்கு விலை வைப்பது வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. படி வாங்கியவர்மீதும் குறையில்லை. அது இழந்த நாளுக்கான ஈடு. ஆனால் எந்த ஈட்டாலும் முழுதாக அடைபடாத கடன் ஒன்று மிஞ்சுகிறது. அதை எங்கே செலுத்துவது?

தண்ணீர் போகும் வழியைப் பார்த்தால் விடை கிடைக்கும். அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் போய், வடசென்னைக் கால்வாய்களைச் சேர்கிறது. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியின் உபரி கூவத்தில் விழுந்து நேப்பியர் பாலத்தருகே கடல் சேர்கிறது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தின் நீர் அடையாற்றின் வழியே பட்டினப்பாக்கத்துக்கு வருகிறது. நாம் இங்கே கால்வாயில் விடும் கழிவு அந்தக் கரைகளிலேயே போய்ச் சேருகிறது. அங்கேதான் குப்பங்கள் இருக்கின்றன. மிக்ஜாம் வீசிய அதே டிசம்பரில் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளினார்கள். வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தில் லூப் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டிருந்தன. பிறகு, 2024இல், அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது, அது நல்லதே. ஆனாலும் மீனவரின் பிழைப்பு சாலைக்கு இடைஞ்சல் என்று நகரம் முடிவெடுத்த வேகம் எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் அரசின் வேலை, வரி கட்டுகிறவன் என்ன செய்வான் என்பார்கள். எண்ணெய்க் கசிவுக்கு ஆலையும் அரசும்தான் பொறுப்பு. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மழைநீர் வடிகாலில் வீட்டுச் சாக்கடையைத் திருட்டுத்தனமாக இணைப்பதும், செப்டிக் டேங்க் லாரி இரவில் எங்கே கொட்டுகிறது என்று கேட்காமல் காசு கொடுத்து அனுப்புவதும் அரசு செய்யும் காரியமல்ல. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். தங்கள் ஏரிக்காகப் போனார்கள் என்றாலும், அந்த நீர் போய்ச் சேரும் கரைக்கும் அதில் நன்மை உண்டு. மீட்க வந்தவர்களுக்குச் சால்வை போர்த்தும் குடியிருப்போர் சங்கங்கள், அடுத்த பொதுக்குழுவில் தங்கள் தெருவின் கள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துண்டிக்கத் தீர்மானம் போடட்டும். அந்தத் தீர்மானத்தால் சில வீடுகளுக்குச் செலவு வரும், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வரும். உடைந்த படகோடு வீடு திரும்பியவர்களுக்கும் செலவு வந்தது.