மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்

கித்தா மரத்தை நாள்தோறும் வெட்டக் கூடாது. இன்று வெட்டினால் நாளை விட்டுவிட வேண்டும். அதற்கு மறுநாள்தான் கத்தி அந்தப் பட்டையைத் தொடலாம். வடிந்துபோன பாலை மரம் மறுபடி ஊறவைக்க ஏறக்குறைய இரண்டு நாள் பிடிக்கிறது. பொறுக்காமல் வெட்டிக்கொண்டே போனால் முதலில் பால் நீர்த்துப்போகும். பிறகு வெட்டுவாய் வறண்டு, ஒரு சொட்டுகூட இல்லாமல் பட்டை காய்ந்துவிடும். கோலா பிலா வட்டாரத்துத் தோட்டங்களில் இது கிராணிக்குத் தெரியும், மண்டோருக்குத் தெரியும், தாயோடு மங்கு துடைக்கப் போகிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் வெட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிரை. ஒன்றில் பால் வடிகிற நாளில் மற்றது ஓய்ந்திருக்கும்.

என் அம்மா இரண்டு நிரையையும் வெட்டினார். மரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இளைப்பாறியது. அம்மா மறுநாள் அடுத்த நிரைக்குப் போனார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். தலையில் விளக்கு, தோளில் காண்டா வாளி, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள். மழை பெய்தால்தான் தீம்பாரில் வேலை நிற்கும். அந்த நாள்களில் அம்மா வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். நாள்சம்பளக்காரர் வீட்டில் மழை என்றால் அன்றைய கூலி போனது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருப்பதும் நஷ்டமும் ஒன்றுதான் என்று எங்கள் உடம்பில் அப்படித்தான் பதிந்தது. கத்தியையே தொடாத எனக்குள்ளும் அது இருக்கிறது. சிரம்பானில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்; விடுமுறை எடுத்த நாளில் காலை பத்து மணிக்கு நெஞ்சு ஏனோ படபடக்கிறது.

தியோமான் தீவுக்குப் போய் வரலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அங்க என்னா கோயிலு?" என்று கேட்டார். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்றேன். "சொந்தக்காரங்க இருக்காங்களா?" அதுவும் இல்லை. "அப்பறம் எதுக்கும்மா?"

நியாயமான கேள்வி. அம்மா வாழ்நாளில் போன பயணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஜுவாசே, பகாவ், கெமாஸ். தோட்டத்து லோரியில் கூட்டமாகப் போன போர்ட்டிக்சன் ஒன்றுதான் கடலைப் பார்ப்பதற்கென்றே போனது. அங்கும் மணலில் சமைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டதில்தான் பெண்களின் பகல் கழிந்தது. எங்கள் ஊர் மலைக்கு உள்பக்கம். சிரம்பானுக்குப் போவதானாலும் புக்கிட் புத்துஸ் ஏறி இறங்க வேண்டும். கடல் எங்களுக்கு அன்றாடப் பொருளல்ல.

அது மட்டுமல்ல, எங்கள் தாத்தாக்களுக்குக் கடல் மகிழ்ச்சியான இடமாகவும் இருந்ததில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துக் கிடந்து வந்தவர்கள் அவர்கள். பினாங்கில் இறங்குபவர்களை நோய்த்தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் தங்கவைத்து, சோதித்து, பிறகுதான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அம்மாவின் அப்பாவும் அங்கே அடைபட்டிருந்தவர். தீவு என்றதும் அம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். இஷ்டப்பட்டுப் பணம் கட்டி ஒரு தீவில் போய் இருப்பார்கள் என்பதை அவர் நம்பவே கொஞ்ச காலம் ஆயிற்று.

போனோம். பகாவ் தாண்டி, முவாட்ஸாம் ஷா வழியாகக் கோலா ரொம்பின், அங்கிருந்து தஞ்சோங் கெமோக் படகுத்துறை. வழியெல்லாம் செம்பனை. கித்தா இருந்த இடங்களைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே வந்தார்.

தெக்கெக் கிராமத்துக்கு எதிரே ரெங்கிஸ் என்று ஒரு சின்னப் பாறைத் தீவு. அதைச் சுற்றித்தான் ஸ்நோர்கல் போட்டுக்கொண்டு மிதப்பார்கள். படகோட்டி அம்மாவை "மக்சிக்" என்று அழைத்து, லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டி, கண்ணாடியை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து இறக்கினார். அம்மா காலை உதறிக்கொண்டே இருந்தார். உதறாதீர்கள், கடல் தாங்கும் என்று அவர் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுபது வயதுவரை ஒரு வேலையும் செய்யாமல் எதன்மேலும் கிடந்து பழகாத உடம்பு அது. அடங்க நேரம் எடுத்தது. பிறகு அடங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்; நெடுநேரம் எடுக்கவில்லை.

கீழே இருந்ததை நான் எப்படிச் சொல்வேன்! மான்கொம்புபோல் கிளைத்த பவளம், மூளைபோல் மடிப்பு மடிப்பாக உருண்ட பவளம். கல் என்று தோன்றும். அது உயிருள்ள பிராணிகளின் குடியிருப்பு. குண்டூசித் தலையளவே இருக்கும் உயிர்கள் ஆயிரமாயிரம் சேர்ந்து சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பியது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். நான் பார்த்த ஒரு பாறை, ரஜூலா கப்பல் கடலில் இறங்கிய 1926க்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். கிளிமீன்கள் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கிற ஓசை தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. பவளக்கல்லில் ஒட்டிய பாசியைக் கல்லோடு அரைத்துத் தின்றுவிட்டு மணலாகக் கழிக்கின்றன. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, வெயிலைச் சமைத்து அதற்கு ஊட்டுகின்றன, நிறமும் அவற்றுடையதுதான். கடலின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்து நிற்கும். அப்போது அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் இல்லை.

2010இல் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தபோது தியோமானிலும் ரெடாங்கிலும் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் ஜூலை முதல் அக்டோபர் இறுதிவரை மூடிவைத்தது. கடலின் சூட்டை யாராலும் குறைக்க முடியாது. மனிதனால் செய்ய முடிந்தது கிட்டே போகாமல் இருப்பது ஒன்றுதான். அதைப் படித்தபோது எனக்கு இரண்டு நிரைக் கணக்குதான் ஞாபகம் வந்தது. தொந்தரவு செய்யாமல் விட்டால் உயிர் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கும் என்பதைத் தோட்டத்துரைகள் மரத்தில் அறிந்திருந்தார்கள். மரத்தின் இழப்பு கணக்குப் புத்தகத்தில் ஏறும். வெட்டுக்காரியின் முதுகுவலி எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

ஆனால் இங்கே எனக்கு ஒரு சங்கடம். மரத்துக்கு ஓய்வு கொடுத்தது மரத்துக்காகவா? அடுத்த வெட்டில் பால் குறையக் கூடாது என்பதற்காகத்தான். இன்று அலுவலகங்கள் நம்மிடம் பேசுவதும் அதே கணக்கில்தான்: போய் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள், புத்துணர்ச்சியோடு வேலை செய்யலாம். கேட்க இதமாக இருக்கிறது. நாமும் அதை அப்படியே ஏற்று, விடுமுறைக்குப் போவதையே அடுத்த வேலைக்கான ஏற்பாடாக்கிவிடுகிறோம். என் உடம்பை நானே இரண்டு நிரையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பாலுக்காக இல்லாத ஓய்வு ஒன்று மனிதருக்கு வேண்டும் என்று நான் நம்புகிறேன். ரெங்கிஸ் ஓரம் மிதந்தபோது கீழே நடந்தது எதுவும் எனக்காக நடக்கவில்லை. என்னால் அங்கே ஆக வேண்டியதும் ஒன்றுமில்லை. கூடாதது மட்டும் உண்டு: தொடக் கூடாது, பவளத்தின்மேல் காலூன்றக் கூடாது. எந்தப் பயனும் இல்லாமல் ஓரிடத்தில் இருக்க எனக்கு அனுமதி கிடைத்ததுபோல் இருந்தது. அதை எனக்குக் கொடுக்க வேண்டியவள் நான்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இந்த ஓய்வையும் யாரோ சுமக்கிறார்கள் என்பதை மறந்துவிட முடியாது. நாங்கள் தங்கிய இடத்தில் துணி துவைத்தவர்களும் தட்டு கழுவியவர்களும் கடல் கடந்து கூலிக்கு வந்தவர்கள். எங்கள் தாத்தாக்கள் வந்ததுபோலத்தான் வந்திருக்கிறார்கள். சமையல்கட்டுப் பக்கம் போய் அந்தப் பையன்களிடம் அம்மா ஊர், அம்மா, அப்பா, சம்பளம் என்று எல்லாம் விசாரித்தார். ஒருவனிடம் "லீவு கொடுப்பாங்களா தம்பி?" என்று மலாயில் கேட்டார். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்றில் தீவுக்கு வருகிறவர்கள் குறைந்து பல விடுதிகள் மூடிவிடும். தீவுக்காரர்களுக்கு அது வலையைச் செப்பனிடவும் வீட்டைப் பார்க்கவும் ஆகும். அந்தப் பையன்களுக்கு அது சம்பளமில்லாத மாதங்களாகிவிடுமோ என்று அம்மாவுக்குக் கவலை. மழைநாளின் கணக்கு அவருக்கு மறக்கவில்லை.

இன்று நடப்பில் இருக்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் முதல் இரண்டு ஆண்டுக்குள் இருக்கும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 8 நாளும், ஐந்து ஆண்டு தாண்டியவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. இதற்குப் பின்னால் சங்கங்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி தனக்குள்ள நாள்களை ஆண்டு முடிவில் பணமாக வாங்கிக்கொள்கிறான். வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளைகளின் டியூஷன்; அவன்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பேச்சுதான். "அக்கா, ஒக்காந்து மீன் பாக்கறதுக்கு யாரு காசு குடுப்பா?" என்கிறான். யாரும் கொடுக்க மாட்டார்கள், அதனால்தான் வரச் சொல்கிறேன் என்கிறேன். இந்த முறை அம்மா நடுவில் புகுந்து, அந்தக் கிளிமீன் கல்லைக் கடிக்கிற ஓசையை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். விடுப்பை விற்பதற்கான பாரத்தில் அவன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர்வரை நேரம் இருக்கிறது என்கிறான். தீவில் அக்டோபரோடு சீசன் முடிந்துவிடும் என்று நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.