வினைப்பயனும் நோயாளர் பணியும்

கல்லீரல் நோய் முற்றினாரைக் கண்டு, ‘குடித்த வினையை அவரே நுகர்க’ என ஒதுங்குவார் உளர். இது சித்தாந்தத்திற்கு இயையுமா என்பது ஆராயற்பாலது.

முதற்கண், அந்நோய்க்குக் காரணம் குடி ஒன்றேயன்று. ஹெபடைடிஸ் பி, சி என்னும் நுண்கிருமிகளாலும், ஈரலிற் கொழுப்பு மிகுதலாலும் அஃதுண்டாம். அக்கிருமிகளை அறியும் குருதிச்சோதனையும் மருந்தும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவசமாக அளிக்கப்படுகின்றன. திருமங்கலத்தார்க்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் அணித்தேயுளது. ஆதலின் ஆராயாது பழிகூறல் அறமன்று.

இரண்டாவது, நோயாளர் பகலில் உறங்கி இரவில் விழித்துப் பிதற்றுவராயின், அறிவழிந்ததென்று கைவிடலாகாது. ஈரல் மாற்றிக் கழிக்கவேண்டிய அம்மோனியா முதலிய நஞ்சு மூளையைத் தாக்குதலின் விளைவு அது. உரிய மருந்தால் தெளிதல் கூடும். உயிர் கருவிகளைக்கொண்டே அறிவது. மங்கியது கருவியேயன்றி உயிரன்று.

மூன்றாவது, நோய் அவர்க்குப் பிராரத்தமேயாயினும், இரங்காமை காண்பார்க்கு ஆகாமியமாம். பாண்டியன் சமணஞ் சார்ந்தமை பற்றி, அவனது வெப்புநோய் தீர்க்க ஆளுடைய பிள்ளையார் மறுத்திலர். புறச்சமயம் புக்கு மீண்ட நாவரசரையும், சூலையுற்ற காலத்துத் திலகவதியார் திருநீறளித்து ஏற்றனர்.

மாற்றீரல் பொருத்த இயலாதபோதும் வயிற்றுநீர் வாங்கல், வலி தணித்தல், அச்சம் போக்கல், அருகிருந்து திருமுறை ஓதல் என்னும் பணிகள் எஞ்சியுள. தீர்க்கலாகா நோய் உண்டு. ஆற்றலாகாத் தொண்டு இல்லை.